பசும்புல்லும் ஒரு பட்டரும்

மதுரை,
ஞாயிறு காலை

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. இத்தனை நாள் பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை, கண்தான். இடது கண்ணில் புரை நீக்கிக்கொண்டேன். பத்து நாள் படிக்கக் கூடாது, எழுதக் கூடாது என்று உத்தரவு. பாட்டுக் கேட்கக் கூடாது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அதனால் ஒரே பாட்டைப் பத்துப் பேர் குரலில் கேட்டுக்கொண்டு கிடந்தேன். வீட்டில் எல்லோருக்கும் காது புளித்துவிட்டது.

எந்தப் பாட்டு என்று ஊகித்திருப்பாய். போன மாதம் நம் வகுப்புத் தோழர்கள் கூடினோமே, நீ வராமல் ஏமாற்றினாயே, அன்று இரவு சாப்பாடு முடிந்ததும் ஒருவர் கிடாரை எடுத்து 'கிரீன் கிரீன் கிராஸ் ஆஃப் ஹோம்' என்ற ஆங்கிலப் பாட்டைப் பாடினார். பெயர் எதற்கு, உனக்கே தெரியும். குரல் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு சரணம் பாடினார், எல்லோரையும் கைதட்ட வைத்துப் பல்லவியை மூன்று முறை இழுத்தார், முடித்துவிட்டார். மூன்றாவது சரணம் எங்கே என்று கேட்டேன். "நல்ல நாளும் அதுவுமாக அந்தச் சோகம் எதற்கு?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு ரசகுல்லாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். (பிறகு போய்ச் சாப்பிட்டேன், அது வேறு.)

மூன்றாவது சரணம் இல்லாவிட்டால் அந்தப் பாட்டில் என்ன இருக்கிறது, சொல். ரயிலிலிருந்து ஒருவன் இறங்குகிறான். அம்மாவும் அப்பாவும் நிற்கிறார்கள். மேரி ஓடி வருகிறாள். பழைய வீட்டில் பெயிண்ட் வெடித்துக் கிடக்கிறது, சின்ன வயதில் ஏறி விளையாடிய ஓக் மரம் அப்படியே இருக்கிறது. ஊரின் பசும்புல்லைத் தொடுவது எவ்வளவு சுகம் என்பது பல்லவி. இவ்வளவுதான் என்றால் அது வாழ்த்து அட்டைக்கு எழுதிய பாட்டு. பிறகு அவன் கண் விழிக்கிறான். நான்கு பக்கமும் சாம்பல் நிறச் சுவர். ஒரு காவலர், ஒரு பாதிரியார். விடிந்தால் மரண தண்டனை. ரயில், மேரி எல்லாம் கனவு. அந்தப் பல்லவி மறுபடி வரும்போது, புல்லைத் தொடுவது என்றால் அதன் அடியில் போய்ப் படுப்பது. எல்லோரும் அவனைப் பார்க்க வருவார்கள்தான், ஓக் மரத்தடியில் புதைக்கும்போது. ஒரே வரிக்கு இரண்டு பொருள். நம் தமிழ் ஐயா கேட்டிருந்தால் சிலேடை என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருப்பார்.

பாதிரியார் என்றதும் விடுதி அறை நினைவுக்கு வந்தது. உன் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கேசட்டைக் கேட்டுக் கேட்டு வரிகளைக் குறிப்பேட்டில் எழுதினாயே, 'பாட்ரே' என்ற சொல்லைப் 'பட்டர்' என்று எழுதி வைத்திருந்தாய். அமெரிக்கச் சிறையில் ஸ்ரீரங்கத்துப் பட்டருக்கு என்ன வேலை என்று ஒரு வாரம் சிரித்தோம். அந்தப் பாட்ரேதான் போர்த்துக்கீசியரோடு கப்பலேறி வந்து நம் ஊரில் பாதிரியார் ஆனது என்று பின்னால் ஒரு அகராதியில் பார்த்தேன்.

பாட்டை எழுதியவர் கர்லி பட்மன், அலபாமாக்காரர். 1950இல் ஜான் ஹூஸ்டன் எடுத்த 'தி அஸ்பால்ட் ஜங்கிள்' படத்தில் ஒரு குற்றவாளி குண்டடிபட்டுத் தன் சொந்த மண்ணைத் தேடி ஓடி, அங்கே போய் விழுந்து சாகிறான். பட்மனுக்குப் பொறி தட்டியது அங்கேதான். ஜார்ஜ் ஜோன்ஸ் 1980இல் பாடிய 'ஹி ஸ்டாப்ட் லவிங் ஹெர் டுடே' பாட்டை பாபி பிராடக்கோடு சேர்ந்து எழுதியதும் இவர்தான். அவளை நேசிப்பதை அவன் இன்றோடு நிறுத்திவிட்டான் என்பார்கள், ஏன் என்று பார்த்தால் ஆள் செத்துப்போயிருப்பான். மனிதர் சாவை ஒளித்து வைத்துவிட்டு நம்மைச் சிரித்த முகத்தோடு வாசல்வரை கூட்டிப்போவதில் கைதேர்ந்தவர்.

1965இல் ஜானி டாரெல் முதலில் பதிவு செய்தார். அதே ஆண்டு போர்ட்டர் வேகனர் பாடியதுதான் அமெரிக்காவின் கன்ட்ரி இசை விற்பனைப் பட்டியலில் நான்காம் இடம்வரை ஏறியது. என்னைக் கேட்டால் இன்றைக்கும் வேகனர்தான் முதல். ஜிகினா பதித்த கோட்டுப் போட்டவர் என்று நாம் கிண்டல் செய்வோம். ஆனால் கடைசிச் சரணத்தை அவர் பாடாமல் பேசுகிறார், பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரிடம் ஊர்க்கதை சொல்வதுபோல. அழவில்லை, நம்மை அழச் சொல்லவும் இல்லை.

விடுதியில் நாம் கேட்டது டாம் ஜோன்ஸ். அவர் இதை அமெரிக்கப் பாடகர் ஜெர்ரி லீ லூயிஸின் ஆல்பத்தில் கேட்டுப் பிடித்துக்கொண்டார். 1966 டிசம்பரில் பிரிட்டனில் முதலிடத்துக்கு வந்து ஏழு வாரம் அசையவில்லை. வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளி மகன் பாடியதால் அங்கே அது ஊர்ப்பாட்டாகவே ஆகிவிட்டது. ரக்பி மைதானத்தில் கூட்டமே சேர்ந்து பாடுமாம். தூக்குக் கைதியின் பாட்டை! நம் கிடார்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை போலிருக்கிறது. இப்போது கேட்டால் டாம் ஜோன்ஸ் கொஞ்சம் அதிகம். பின்னால் வயலினும் கோரஸும் முதல் வரியிலேயே கண்ணைக் கசக்க ஆரம்பித்துவிடுகின்றன. எல்விஸ் பிரெஸ்லிக்கு ஆனால் இதுதான் பிடித்தது. 1967 தொடக்கத்தில் தன் ஊரான மெம்பிஸுக்குத் திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தி நிறுத்தி, மறுபடி போடுங்கள் என்று வானொலி நிலையத்துக்கு ஆள் விட்டு போன் செய்யச் சொன்னாராம். தானும் பாடினார், 1975இல். குரல் குரல்தான், ஆனாலும் தாமதமாகப் போட்ட சாப்பாடு.

என்னை உலுக்கியது கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ். 1968 ஜனவரி 13, கலிஃபோர்னியாவின் ஃபால்சம் சிறை, சாப்பாட்டுக் கூடம். கேட்பவர்கள் எல்லோரும் கைதிகள். 1937 வரை 93 பேரைத் தூக்கிலிட்ட சிறை அது. நமக்கெல்லாம் மூன்றாவது சரணம் திடுக்கிடல். அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கு நான்கு சுவர் புதிதா என்ன? அவர்களுக்குக் கனவாக இருந்தது முதல் இரண்டு சரணம்தான். பாட்டு தலைகீழாகத் திரும்பி நிற்கிறது. கேஷும் அதைத் தெரிந்தவர்போல ஒன்றையும் அழுத்தாமல் பாடிவிட்டுப் போகிறார். அதே ஆண்டு இன்னொரு கன்ட்ரி பாடகர் மெர்ல் ஹாகர்டும் பாடினார். அவர் சான் க்வென்டின் சிறையில் இருந்துவிட்டு வந்தவர், அவருக்கு யாரும் பொருள் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டு அமெரிக்கப் பாடகி ஜோன் பாயஸ். வியட்நாம் போருக்கு ஆள் எடுத்தபோது வர மறுத்ததற்காக அவர் கணவர் டேவிட் ஹாரிஸ் சிறைக்குப் போக இருந்த நேரம். கணவர் பெயராலேயே 'டேவிட்ஸ் ஆல்பம்' என்று ஒன்று போட்டார், அதில் இந்தப் பாட்டும் இருக்கிறது. ஹாரிஸுக்கு மரண தண்டனை இல்லைதான். ஆனாலும் கணவனை உள்ளே அனுப்பப் போகிற ஒரு பெண் காவலரையும் சுவரையும் பாடும்போது, கண்ணில் பச்சைத் துணியோடு கட்டிலில் கிடந்த நான் ஒலியைக் குறைத்துவிட்டேன். இரண்டாம் முறை கேட்கவில்லை.

சரி, வீட்டுச் செய்தி. பேத்தி பத்தாம் வகுப்பு, கணக்கு என்றால் ஓடுகிறாள், உன் ஞாபகம் வருகிறது. முழங்கால் வலிக்கு நீ சொன்ன எண்ணெய் பிரயோசனமில்லை, வாசனைதான் மிச்சம். தை மாதம் வருவதாக எழுதியிருக்கிறாய். இந்த முறை நழுவாதே. அந்தக் குறிப்பேடு இன்னும் உன்னிடம் இருந்தால் எடுத்து வா. பட்டர் என்று எழுதிய பக்கத்தைப் பார்க்க வேண்டும், இப்போது இடது கண்ணும் நன்றாகத் தெரிகிறது.

அன்புடன்,
ராஜாமணி