ஸ்ட்ரைக் அவுட் ஆன பிறகு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி பேப்பர் படிக்கிறார்கள் என்றதும் நிம்மதியாக இருந்தது. ஆனால் சின்னவள் கபடிப் பயிற்சிக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிறாள் என்றாயே, அதுதான் மனதைவிட்டுப் போகவில்லை. போன வருஷம் எங்கள் வீட்டிலும் இதே கதைதான்.

இங்கே நியூஜெர்சியில் குளிர் விட்டதும் பிள்ளைகள் பேஸ்பால் ஆடக் கிளம்பிவிடுவார்கள். சின்ன வயதில் கோச்சே மெதுவாகப் பந்து போடுவார், பயமில்லை. அப்புறம் பிள்ளைகளே பந்து போடும் வயது வரும். 46 அடி தள்ளி நின்று இன்னொரு பொடியன் கெட்டிப் பந்தை முழு வேகத்தில் எறிவான். குறியும் தப்பும். அப்படித் தப்பிய ஒரு பந்து என் மகனின் விலாவில் பட்டது. அன்றிலிருந்து பந்து எறியும் பிட்சர் கையைத் தூக்கினாலே இவன் இடது கால் தானாக விலகிவிடும், மட்டை பந்துக்கு எட்டாது. வரிசையாக ஸ்ட்ரைக் அவுட், அதாவது மூன்று தடவை பந்தைத் தவறவிட்டு அவுட்.

அந்த நாட்களில் நானும் தப்பு செய்தேன். மேட்ச் முடிந்து வீடு வரும்வரை, "அந்தப் பந்தை ஏன் விட்டாய், கால் ஏன் நகர்ந்தது" என்று கேள்வி மேல் கேள்வி. ஒருநாள் பின்சீட்டில் தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னான்: "பந்தைவிட எனக்கு இந்தக் கார்ல வர்றதுதாம்மா பயமா இருக்கு." எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றோடு நிறுத்தினேன். இப்போது ஆட்டம் முடிந்ததும் புளியோதரை டப்பாவைத்தான் நீட்டுகிறேன்.

அவன் கோச் தங்கமான மனிதர். முதலில் டென்னிஸ் பந்தை எறிந்து, உடம்பின்மேல் வரும் பந்துக்குத் தோளைத் திருப்பி முதுகில் வாங்கப் பழக்கினார். வலிக்காது என்று உடம்புக்குத் தெரிந்த பிறகுதான் மனசுக்கு வந்தார். ஒவ்வொரு பந்துக்கும் பிறகு ஒரு காலை, மட்டை பிடிப்பவன் நிற்கும் கட்டத்தின் கோட்டுக்கு வெளியே வைக்கணும், மட்டையில் இருக்கும் எழுத்தைப் பார்க்கணும், மூச்சை நீளமாக விடணும், திரும்ப உள்ளே வரணும். இவ்வளவுதான். பயப்படாதே என்று ஒரு தடவைகூட அவர் சொன்னதில்லை. அது பிள்ளைகளிடம் சொல்லிப் பயனில்லாத வார்த்தை என்று இப்போது எனக்கும் தோன்றுகிறது.

நாம் பார்த்து வளர்ந்த கிரிக்கெட்டில் அவுட்டானால் அந்த இன்னிங்ஸில் அவ்வளவுதான். இதில் ஒரே ஆட்டத்தில் இரண்டு மூன்று தடவை மறுபடி மட்டையோடு வந்து நிற்கணும். பத்துக்கு ஏழு தடவை தோற்றாலும் நல்ல ஆட்டக்காரன் என்பார்கள். 1941-ல் டெட் வில்லியம்ஸ் என்ற பேஸ்பால் வீரரின் சராசரி .406, அதாவது பத்து வாய்ப்பில் நாலு தடவை சரியாக அடித்த கணக்கு. அதன்பிறகு அமெரிக்கன், நேஷனல் என்ற இரண்டு பெரிய லீக்குகளில் முழு சீசன் ஆடி .400-ஐ யாரும் தொட்டதில்லை. அவருக்கே பத்தில் ஆறு தடவை கைகொடுக்கவில்லை, பார்.

என் மகனுக்கு நியூயார்க் யாங்கீஸ் அணியின் ஆரன் ஜட்ஜ்தான் எல்லாம். 2016-ல் அவர் முதல் வாய்ப்பிலேயே ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்துப் பெரிய லீக்குக்குள் வந்தவர். அப்புறம் சறுக்கல். கணக்கில் வந்த 84 வாய்ப்பில் 42 ஸ்ட்ரைக் அவுட், சராசரி .179. அந்த எண்ணை மறைக்காமல் தன் போனில் குறித்து வைத்துக்கொண்டு தினமும் பார்த்தார். அடுத்த வருஷம் 52 ஹோம் ரன்! அந்த வருஷமும் 208 தடவை ஸ்ட்ரைக் அவுட் ஆனார் என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

போன சனிக்கிழமை என் மகன் மறுபடி ஸ்ட்ரைக் அவுட். ஆனால் மூன்று பந்துக்கும் கால் நகரவில்லை. திரும்பி வந்தான், ஹெல்மெட்டைக் கழற்றி மாட்டினான், கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு அடுத்து ஆடப்போனவன் பேரைச் சொல்லித் தொண்டை கட்டக் கத்தினான். போன வருஷம் அதே பெஞ்சில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன்.

சின்னவளிடம் கபடியைப் பற்றி ஒரு வாரம் எதுவும் கேட்காதே. ஜூலையில் ஊருக்கு வருகிறோம். இரண்டு கிளவுஸும் பந்தும் எடுத்து வருகிறேன், உங்கள் மொட்டைமாடியில் இரண்டு பேரும் எறிந்து பிடிக்கட்டும். அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் தோழி