ஜூன் மாதத் தேர்தலையும் கவனியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 நவம்பர் 4 அன்று நடந்த நியூ ஜெர்சி மாநில ஆளுநர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் மிக்கி ஷெரில், குடியரசுக் கட்சியின் ஜாக் சியாட்டரெல்லியை வென்ற செய்தியைத் தங்கள் நாளிதழ் விரிவாகவே வெளியிட்டிருந்தது. ஆனால் அந்த இருவரையும் களத்தில் நிறுத்திய ஜூன் 10 பிரைமரியைப் பற்றி, அதாவது கட்சி வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் தேர்தலைப் பற்றி, ஒரு வரியும் இடம்பெறவில்லை. எடிசனில் வாழும் நான், இங்குள்ள தமிழர்கள் பெரிதும் கோட்டைவிடுவது அந்தத் தேர்தலைத்தான் என்ற வருத்தத்தோடு இதை எழுதுகிறேன்.

தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் ஒருவர் ஆளுநராக இருக்க முடியாது என்பதால் ஃபில் மர்ஃபி போட்டியிட வழியில்லாமல் போக, ஜனநாயகக் கட்சியில் ஆறு பேர் மோதினர். நுவர்க் மேயர் ராஸ் பராகா, அப்போதைய ஜெர்சி சிட்டி மேயர் ஸ்டீவன் ஃபுலோப், மாநில செனட்டின் முன்னாள் தலைவர் ஸ்டீவ் ஸ்வீனி என்று எல்லாருமே தத்தம் வட்டாரத்தில் செல்வாக்கு மிக்கவர்கள். வாக்குகள் சிதறின, சுமார் 34 விழுக்காடு பெற்ற ஷெரில் வேட்பாளரானார். முதலிடம் பெற்றவரே வெற்றியாளர், இரண்டாம் சுற்று என்பதே இல்லை.

இந்தப் போட்டி இவ்வளவு திறந்ததாக அமைந்ததற்கு வாக்குச்சீட்டில் வந்த மாற்றமும் ஒரு காரணம். அதுவரை மாநிலத்தின் 21 கவுண்டிகளில், அதாவது மாவட்டம் போன்ற பிரிவுகளில், 19-இல், கவுண்டிக் கட்சி நிர்வாகம் ஆதரிப்பவர்களின் பெயர்கள் பெரிய பதவி முதல் உள்ளூர்ப் பதவி வரை ஒரே வரிசையில் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிடப்பட்டன. நிர்வாகத்தின் ஆதரவில்லாதவர் சீட்டின் ஒரு கோடியில், சில சமயம் யாரென்றே தெரியாத வேறு பதவி வேட்பாளர்களுக்கு நடுவே தள்ளப்பட்டார். வரிசையைப் பார்த்து வாக்களிப்பவரின் கண்ணுக்கு அவர் படவே மாட்டார். அமெரிக்க நாடாளுமன்றத்தின் செனட் அவைக்குப் போட்டியிட்ட ஆண்டி கிம் தொடுத்த வழக்கில், 2024 மார்ச்சில் கூட்டாட்சி நீதிபதி ஜாஹித் குரைஷி, அவ்வாண்டு ஜனநாயகக் கட்சி பிரைமரியில் இம்முறையைப் பயன்படுத்தத் தடை விதித்தார். அடுத்த ஆண்டு சட்டமும் மாறியது. இப்போது ஒரு பதவிக்குப் போட்டியிடும் அனைவரின் பெயர்களும் ஒரே கட்டத்துக்குள் வருகின்றன. என்னைக் கேட்டால், சாதாரண வாக்காளருக்கு இந்த மாநிலத்தில் அண்மையில் கிடைத்த மிகப் பெரிய உரிமை இதுவே.

அப்படிக் கிடைத்த உரிமையை நம்மவர்கள் பயன்படுத்த வேண்டாமா? குடியுரிமை பெற்றுப் பல ஆண்டுகளாகியும், "நான் எந்தக் கட்சியிலும் இல்லையே, பிரைமரியில் எனக்கு எப்படி வாக்கு இருக்கும்?" என்று கேட்பவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். கட்சி சாராதவராகப் பதிவு செய்தவர் வாக்குச்சாவடியிலேயே ஒரு கட்சியைக் குறிப்பிட்டு வாக்களிக்கலாம். அதன்பின் அவர் பெயர் அக்கட்சிப் பதிவில் சேரும் என்பது உண்மைதான். ஆனால் நவம்பரில் யாருக்கு வேண்டுமானாலும் வாக்களிக்க அது தடையாகாது, விரும்பினால் பின்னர் பதிவை மாற்றிக்கொள்ளவும் முடியும். ஏற்கெனவே ஒரு கட்சியில் பதிவு செய்துவிட்டு வேறு கட்சிக்கு மாற விரும்புபவர் மட்டும், பிரைமரிக்கு 55 நாட்களுக்கு முன்பே அதற்கான படிவத்தைக் கொடுத்தாக வேண்டும்.

இந்தியாவில் குடியரசுத் தலைவர் நியமிக்கும் ஆளுநரைப் போன்றவர் அல்லர் நியூ ஜெர்சி ஆளுநர். அரசாங்கத்தை நடத்துபவரே இவர்தான். மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகளையும் அரசுத் தலைமை வழக்கறிஞரையும் மாநில செனட் ஒப்புதலுடன் நியமிப்பதோடு, வரவு செலவுத் திட்டத்தில் தனித்தனி ஒதுக்கீடுகளை நீக்கும் அதிகாரமும் பெற்றவர். அத்தகைய பதவிக்கு வருபவரை வடிகட்டும் முதல் கட்டத்தில் நாம் ஒதுங்கி நிற்பது சரியல்ல.

2027 ஜூனில் மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளுக்குமான பிரைமரி நடைபெறும். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பாகவே, தமிழர்கள் மிகுதியாக வாழும் தொகுதிகளின் வேட்பாளர்கள் யார், பள்ளி நிதி, சொத்து வரி, மின் கட்டணம் ஆகியவற்றில் அவர்கள் நிலைப்பாடு என்ன, படிவம் தரக் கடைசி நாள் எது என்பனவற்றைத் தங்கள் நாளிதழ் தமிழில் வெளியிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
எடிசன், நியூ ஜெர்சி