மைக்கை அழுத்தினால் அணையும் செட்

பாம்பன்,
மே 18

மாப்பிள்ளை,

பொங்கலுக்கு அப்புறம் ஒரு வரி எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். மீன்பிடித் தடைக்காலம், போட்டைக் கரையேற்றியாயிற்று. அதனால்தான் பேனா பிடிக்க நேரம்.

மார்ச்சில் ஒரு ராத்திரி, பெரியவன் போயிருந்தபோது நடுக்கடலில் இன்ஜின் நின்றுவிட்டது. நீரோட்டம் இலங்கை எல்லைப் பக்கம் இழுக்கிறது. வயர்லெஸ்ஸில் மற்ற போட்டுக்காரர்கள் இறால் விலை பேசுவது கணீரென்று கேட்கிறது. இவன் மைக்கை அழுத்தினால் செட் அணைகிறது, கையை எடுத்தால் உயிர் வருகிறது. இரண்டு மணி நேரம் இதே கூத்து. கடைசியில் டார்ச்சை ஆட்டித்தான் ஒரு போட்டு பார்த்து, கயிறு கட்டி இழுத்து வந்தது.

செட்டின் மேல்தான் பழி போட்டேன். புதுசு வாங்கினேன், அதே கதை. மீட்டர் வைத்தால் பாட்டரியில் 12.6 வோல்ட், செட்டிலும் 12.4. என்ன குறை? “சும்மா இருக்கும்போது பார்க்காதே, வேலை செய்யும்போது பார்” என்பாயே, அப்போதுதான் ஞாபகம் வந்தது. சின்னவனை மைக்கை அழுத்தச் சொன்னேன். மளமளவென்று 9.9க்கு இறங்கியது, செட் அணையாமல் என்ன செய்யும்?

கேட்பதற்கு அரை ஆம்பியர்கூட வேண்டாம். 25 வாட் செட் பேசும்போது 5 ஆம்பியர் குடிக்கிறது. பாட்டரியிலிருந்து கேபினுக்கு 8 மீட்டர், போக வர 16. நான் இழுத்திருந்தது 0.75 சதுர எம்எம் மெல்லிய வயர். அதிலேயே 2 வோல்ட் போய்விடும். மிச்சத்தை உப்பில் பச்சை பூத்த ஜாயின்ட் தின்றிருக்கிறது. வீட்டில் 230இல் 2 வோல்ட் போனால் யாருக்குத் தெரியும்? 12இல் அது ஆறில் ஒரு பங்கு!

கொடுமை எது தெரியுமா? இன்ஜின் ஓடினால் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் தரும். போனது போக 11க்கு மேல் நிற்கும், செட் பேசும். மூன்று வருஷம் அப்படித்தான் பேசியது. இன்ஜின் நின்ற அன்றைக்கு ஊமை. எனக்கு இன்னும் தூக்கம் பிடிக்கவில்லை, மாப்பிள்ளை.

அந்த வயர் வீட்டு வேலையில் மிஞ்சியது. “வயரில் கஞ்சத்தனம் பார்க்காதேடா” என்று நீ சொன்னபோது, கடை வியாபாரம் பேசுகிறாய் என்று கிண்டலடித்தேன். பெரியவன் இன்னும் செட் செய்தவனைத்தான் திட்டுகிறான், நானும் கூடவே தலையாட்டுகிறேன். சின்னவன் வாயைப் பரோட்டாவால் அடைத்திருக்கிறேன்.

இப்போது 6 சதுர எம்எம் தடிமனான வயர் வாங்கிவிட்டேன், பாட்டரி பக்கத்திலேயே பியூஸும் வைக்கிறேன். ஜூன் 14இல் தடை முடிகிறது. அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வயர் நுனியில் லக் (மாட்டுகிற உலோகக் காது) அழுத்திப் பிடிக்கிற பிளையரோடு வா. இங்கே ஒருவர் சுத்தியலால் தட்டித் தருகிறேன் என்கிறார்! தங்கச்சியையும் கூட்டி வா. மீன் கேட்காதே, கருவாடுதான்.

அப்படியே பெரியவனிடம் வயர் கதையை நீயே சொல்லிவிடு. மாமா சொன்னால் சத்தம் போடமாட்டான்.