ராட்சதப் பூசணிக்குக் காம்புதான் உயிர்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்தது. ராட்சதப் பூசணி வளர்க்க ஆசை, கனடாவில் உன் குவெல்ஃப் வீட்டுக்குப் பின்னால் 20 அடிக்கு 30 அடி சும்மா கிடக்கிறது, காலையிலிருந்து மாலை வரை வெயில் விழுகிறது என்று எழுதியிருக்கிறாய். ஒரு செடிக்கு அது தாராளம். இடம் இருக்கிறதே என்று இரண்டாவது செடியை நட்டுவிடாதே. கொடிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எந்த இலை எந்தச் செடியுடையது என்றே தெரியாமல் போய்விடும்.

ஊரிலிருந்து கொண்டுவந்த பரங்கி விதையைப் போடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். நம் ஊர்ப் பரங்கி குக்குர்பிட்டா மொஸ்காட்டா. ராட்சதக் காய் தருவது குக்குர்பிட்டா மாக்ஸிமா. குடும்பம் ஒன்று, இனம் வேறு. காம்பைப் பார்த்தாலே தெரியும். பரங்கியின் காம்பு ஐந்து பட்டையாக, கட்டையாக, காயோடு சேருமிடத்தில் அகன்று இருக்கும். மாக்ஸிமாவின் காம்பு உருண்டையாக, தக்கை மாதிரி மெத்தென்று இருக்கும். நாளுக்கு 15 கிலோ ஏறுகிற காயைத் தாங்குவது அந்தத் தக்கைதான். இந்தக் கடிதத்தில் வேறு எதை மறந்தாலும் காம்பைப் பற்றி நான் எழுதியிருப்பதை மறக்காதே.

நீ வாங்க வேண்டியது அட்லாண்டிக் ஜயன்ட் விதை. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் விண்ட்சர் ஊர் விவசாயி ஹோவர்ட் டில் பல வருஷம் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய ரகம் அது. 1904இல் செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் வைத்த 183 கிலோ காய்தான் 1976 வரைக்கும் சாதனை. 1981இல் டில் 224 கிலோவுக்குக் கொண்டுபோனார். 2025 அக்டோபர் 4 அன்று இங்கிலாந்தில் பேட்டன் சகோதரர்கள் எடை போட்ட காய் 1,278 கிலோவைத் தாண்டியது. இன்றைக்குப் போட்டியில் நிற்கிற காய்கள் எல்லாம் டில்லின் ரகத்தில் வந்த வாரிசுகள். விதை உறையில் 2624 வில்லெமைன்ஸ் 2016 என்பது போல எழுதியிருந்தால் குழம்பாதே: தாய்க்காயின் எடை பவுண்டில், வளர்த்தவர் பெயர், விளைந்த வருஷம். முதல் வருஷத்துக்கு ரொம்ப விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மண்ணும் கவனிப்பும் சரியாக இருந்தால் சாதாரண அட்லாண்டிக் ஜயன்ட் விதையே 200 கிலோவைத் தொடும்.

மண்ணைப் பரிசோதனைக்கு உடனே கொடு. கார அமில அளவு 6.5க்கும் 7க்கும் நடுவில் இருக்க வேண்டும். மக்கிய எருவை மூன்று, நான்கு அங்குலம் பரப்பிக் கொத்திவிடு. எரு எவ்வளவு போட்டாலும் நல்லது என்று நினைக்காதே. வருஷா வருஷம் கொட்டினால் மண்ணில் உப்பும் பாஸ்பரஸும் தேங்கி வேரை வாட்டும். நடந்து நடந்து மண் இறுகிவிடாமல் இருக்க இப்போதே பலகைகள் போட்டு வை, அதன்மேல் மட்டும் நட.

விதை ஏப்ரல் கடைசி வாரம் வீட்டுக்குள் போட வேண்டும். தோல் தடிமன் என்பதால் ஓரத்தை நக அரத்தால் லேசாகத் தேய். கூர்முனையைத் தொடாதே, வேர் வருவது அங்கேதான். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, கூர்முனை கீழே பார்க்க நடு. 29 முதல் 32 டிகிரிச் சூடு இருந்தால் நான்கைந்து நாளில் முளைத்துவிடும். சூடு குறைந்து ஈரம் கூடினால் விதை அழுகும். முளைக்காத விதைகள் பல இப்படித்தான் போகின்றன. விதையிலைகளுக்கு நடுவில் முதல் நிஜ இலை விரிந்ததும் அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார். தாய்க்கொடி அதற்கு எதிர்ப்பக்கம்தான் ஓடும். நடும்போதே அந்த இலையை வேலிப்பக்கம் திருப்பி வைத்துவிட்டால், பின்னால் கொடியை வளைக்கப் போய் முறித்துக்கொள்ள வேண்டாம். மே முதல் பாதியில் நட்டு, மேலே பிளாஸ்டிக் கூடாரம் போடு. உங்கள் பக்கம் மே கடைசி வரைக்கும் உறைபனி வரும்.

ஜூன் முழுக்கக் காயை மறந்துவிடு, கொடிதான் வேலை. தாய்க்கொடி நேராக நடுவில் போக வேண்டும். பக்கக் கொடிகள் அதற்கு இரண்டு புறமும் செங்கோணத்தில் தரையோடு பிரிய வேண்டும். பக்கக் கொடியிலிருந்து கிளைக்கிறதை எல்லாம் விரல் நீளத்திலேயே கிள்ளிவிடு. ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். கணு மண்ணில் பதியும்படி இரண்டு அங்குலம் மண் அணைத்துக்கொண்டே போ, இலைக்காம்பு மட்டும் வெளியே நிற்கட்டும். இப்படி நூறு கணுவில் வேர் இறங்கினால் செடிக்கு நூறு வாய். காற்றுக்குக் கொடி புரளாமல் நுனிக்குப் பக்கத்தில் இரண்டு குச்சிகளைக் குறுக்காகக் குத்தி வை.

தாய்க்கொடியில் 10 முதல் 14 அடிக்குள் வருகிற பெண்பூதான் உனக்கு வேண்டியது. ஜூன் கடைசியில், இல்லையென்றால் ஜூலை முதல் வாரத்தில் வரும். பூவுக்குக் கீழே குட்டிப் பூசணி இருப்பதால் அடையாளம் தெரியும். நாளைக்கு விரியப் போகிற மொட்டின் நுனி மஞ்சளாகிவிடும். அன்று மாலையே அதையும் நான்கைந்து ஆண் மொட்டுகளையும் வலைத்துணியால் மூடிவிடு, தேனீ முந்திக்கொள்ளும். விடிந்ததும் ஆண்பூக்களின் இதழ்களைக் கிள்ளி எடுத்துவிட்டு, மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் உள்ள மடல்கள் ஒவ்வொன்றிலும் தடவு. நான்கு மடல் இருக்கலாம், ஐந்தும் இருக்கலாம். ஒன்றை விட்டால் அந்தப் பக்கம் விதை பிடிக்காமல் காய் கோணிக்கொள்ளும். வெயில் 32 டிகிரியைத் தாண்டுகிற நாளில் பிஞ்சு வெம்பி விழும். நிழல் கட்டு, பக்கத்தில் ஐஸ் பை வை. இரண்டு மூன்று பிஞ்சு பிடிக்க விட்டு, இருபது நாளில் வேகமாக ஏறுகிறதை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடு. மனசு கேட்காதுதான், ஆனாலும் வெட்டு.

இப்போது காம்பு. பிஞ்சு பிறக்கும்போது காம்பு கொடியோடு ஒட்டினாற்போலக் குறுங்கோணத்தில் இருக்கும். அப்படியே விட்டால், காய் பருக்கும்போது அதன் தோள் கொடியை நெட்டித் தள்ளும். ஒரு நாள் காலை காம்பு பாதி கிழிந்து கிடக்கும். அதனால் முதல் இரண்டு வாரம் தினமும் பிஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, காம்பு கொடிக்குச் செங்கோணத்தில் வரச் செய்ய வேண்டும். காலையில் செய்யாதே, தண்ணீர் ஏறி விறைத்திருக்கும், வெள்ளரிக்காய் மாதிரி மடக்கென்று ஒடியும். பிற்பகல் வெயிலில் துவண்டிருக்கும்போது ஒரு விரல் அகலம் மட்டும் நகர்த்தி, குச்சி வைத்து நிறுத்து. கூடவே கொடியையும் காயிலிருந்து விலகி வில் போல வளையும்படி பின்னால் தள்ளு. காயின் இரண்டு புறமும் மூன்றடிக்குக் கணு வேர்களை அறுத்துவிடு. காய் மூன்றடி உயரம் எழும்பும்; கொடி மண்ணில் கட்டுண்டு கிடந்தால் கூடவே எழும்ப முடியாமல் காம்பை இழுத்துப் பிய்க்கும். தோளுக்கு அடியில் மாட்டுகிற பக்கக் கொடியையும் தயங்காமல் எடுத்துவிடு.

காய் பந்தளவு இருக்கும்போதே அடியில் மணல் பரப்பு. ஈரம் வடியும், அடி அழுகாது. மேலே வெள்ளைத் துணியால் நிழல் கொடு. வெயில் பட்ட தோல் இறுகிவிடும், இறுகிய தோல் உள்ளிருந்து வருகிற வேகத்துக்கு விரியாமல் வெடிக்கும். காய் வெடிக்கப் பெரிய காரணம் தண்ணீர்தான். நான்கு நாள் காயவிட்டு ஐந்தாம் நாள் வெள்ளமாகப் பாய்ச்சினால் ஒரே ராத்திரியில் ஊதிக் காம்புப் பக்கம் விரிசல் விடும். உச்ச வளர்ச்சியில் உன் செடிக்கு நாளுக்கு 200 லிட்டருக்கு மேல் வேண்டும், அதைச் சொட்டு நீராகத் தினம் ஒரே அளவில் கொடு. மழை பெய்தால் குறை. ஜூலைக்குப் பிறகு தழைச்சத்தைக் குறைத்து சாம்பல் சத்துக்குப் போ. விரிசல் மேலோடு நின்றால் மின்விசிறி வைத்துக் காயவிடு, தப்பிக்கும். உள்ளே குழி வரைக்கும் போய்விட்டால் போட்டியில் ஏற்க மாட்டார்கள்.

பூச்சியில் தண்டு துளைப்பான்தான் கொடுமை. அதற்கு மாக்ஸிமா என்றால் உயிர். ஜூன் கடைசியிலிருந்து அடித்தண்டை தினம் பார். மரத்தூள் மாதிரிக் கழிவு தெரிந்தால் கத்தியால் நீளவாக்கில் கீறிப் புழுவை எடுத்துவிட்டு, அந்த இடத்தை மண்ணால் மூடு. இலைக்கு அடியில் செம்பு நிறத்தில் வரிசையாக முட்டை இருந்தால் அது வேறொரு பூச்சி, பூசணி நாவாய்ப்பூச்சியுடையது; சுரண்டி எடு. ஆகஸ்டில் சாம்பல் நோய் வரும், வருவதற்கு முன்னாலேயே கந்தகம் தெளித்து வை. அடித்தண்டைச் சுற்றி இலைகளை எடுத்துக் காற்றோட்டமாக விடு.

எடையை நிலத்திலேயே கணிக்கலாம். மூன்று அளவு: சுற்றளவு, காம்புப் பக்கத் தரையிலிருந்து மேலே ஏறிப் பூமுனைப் பக்கத் தரை வரை, அதே போலப் பக்கவாட்டில் தரையிலிருந்து தரை வரை. மூன்றையும் அங்குலத்தில் கூட்டினால், ராட்சதப் பூசணி வளர்ப்பவர்கள் பயன்படுத்தும் எடை அட்டவணையில் எடை கிடைக்கும். சதை தடித்த காய் அட்டவணையை மிஞ்சும். தினமும் ஒரே நேரத்தில் அளந்து எழுதி வை. திடீரென்று நின்றால் காம்பையும் அடித்தண்டையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அக்டோபர் முதல் வாரம் போர்ட் எல்ஜின் பூசணி விழாவுக்குக் கொண்டுபோகலாம். காயைத் தூக்குவதற்கு உயரமான மூன்று கால் தாங்கியும் சங்கிலிக் கப்பியும் பட்டை வாரும் வேண்டும். காம்பைப் பிடித்து யாரையும் தூக்க விடாதே.

மண் பரிசோதனை முடிவு வந்ததும் எண்களை அப்படியே எழுதி அனுப்பு. முளைத்த பிறகு முதல் இலை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று படம் எடுத்து அனுப்பினால், எப்படித் திருப்பி நடுவது என்று சொல்கிறேன்.

அன்புடன்,
சுந்தரம்