வாசிகசாலைச் சுவரில் மாதம் ஒரு படம் போடுங்கள்

யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையங்களின் தலைவர்கள், செயலாளர்கள், நிர்வாக சபையினர் அனைவருக்கும் வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு, பின்னேரம் ஆறு மணிக்கு, உங்கள் வாசிகசாலைச் சுவரில் ஓர் ஆசியப் படம் போடுங்கள். யப்பான், ஈரான், தைவான், கம்போடியா, அப்புறம் எங்கள் தெற்கும்தான். வசனங்களை ஒருவர் தமிழில் உரத்து வாசிக்கட்டும்.

இந்த யோசனை அம்மம்மாவால் வந்தது. போன மாரியில் ஓர் இரவு அவருக்கு 'டோக்கியோ ஸ்டோரி' போட்டுக் காட்டினேன். யசுஜிரோ ஓசு 1953இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். லப்டொப்பை முக்காலியில் வைத்துவிட்டு இரண்டு பேரும் பாயில் இருந்தோம். ஓசுவின் கமராவும் அநேகமாகத் தரையில் இருக்கும் ஒருவரின் கண்மட்டத்தில்தான் நிற்கும். அம்மம்மாவுக்கு இங்கிலீசு வாசிக்க வராது. திரையின் அடியில் வந்த வரிகளை நான் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன்.

கதை சின்னது. கடலோர ஊரான ஒனோமிச்சியிலிருந்து வயதான தாயும் தகப்பனும் டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள். பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை, அவர்களுக்கு நேரம்தான் இல்லை. போருக்குப் போய்த் திரும்பி வராத மகனின் மனைவி நோரிகோ மட்டும் ஒரு நாள் லீவு போட்டு இருவருக்கும் ஊரைச் சுற்றிக் காட்டுகிறாள். அவளுக்கு இருப்பது ஒற்றை அறை. மாமனாருக்குக் கொடுக்க 'சாகே' என்ற யப்பானிய அரிசி மதுகூட இல்லை. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வருகிறாள். "பார், இரவல் வாங்கியெண்டாலும் உபசரிக்கிறாள்" என்றார் அம்மம்மா. செத்தவீடு முடிந்த கையோடு மகள் தாயின் உடுப்புகளைத் தனக்குத் தரச்சொல்லிக் கேட்கும் இடத்தில், படத்தைக் கொஞ்சம் நிப்பாட்டச் சொன்னார். அவருடைய ஆண்பிள்ளைகள் இருவரும் கனடாவில் இருக்கிறார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த நாள் காலை தேத்தண்ணி ஊற்றும்போதுதான் வாய் திறந்தார்: "அந்தப் பெட்டை பிறகு கலியாணம் கட்டினவளோ?"

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. இந்தப் படங்களுக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் ஒரு குரல்தான் குறைவாக இருக்கிறது. பேப்பர் வாசிக்கத் தெரியாதவர்களுக்கு ஒருவர் உரத்து வாசித்த திண்ணைகள் எங்கள் ஊர்களில் இருந்தன. தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத காலத்தில், காசு சேர்த்து ஜெனரேட்டரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் விடிய விடியப் படம் பார்த்த சனம் நாங்கள். கூடியிருந்து பார்ப்பது எங்களுக்குப் புதிதில்லை.

ஒரு நிலையத்தில் ஏற்கெனவே கேட்டுப் பார்த்தேன். "விளங்காத பாசைப் படத்துக்கு ஆர் வருவினம்?" என்று திருப்பி அனுப்பினார்கள். மனம் நொந்துதான் வந்தேன். பிறகு எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் ஒன்பது பேரைக் கூட்டி வைத்து, ஈரானின் அப்பாஸ் கியாரொஸ்தமி 1987இல் எடுத்த 'நண்பனின் வீடு எங்கே' படத்தைப் போட்டேன். கூடப் படிப்பவனின் கொப்பியைத் தவறுதலாக வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுகிறான் அகமது என்ற சிறுவன். நாளைக்கு வீட்டுவேலையைக் கொப்பியில் எழுதாமல் வந்தால் நண்பனைப் பள்ளியை விட்டு அனுப்பிவிடுவேன் என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார். கொப்பியைக் கொடுக்க அடுத்த ஊருக்கு ஓடுகிறான், வீடு தெரியாது. படம் முழுக்க இவ்வளவுதான். அதே குடும்பப் பெயருள்ள வேறு ஒரு மனிதருக்குப் பின்னால் அகமது ஓடும்போது, ஒரு பெடியன் எழும்பி நின்று "டேய், அது அவன்ர அப்பா இல்லையடா!" என்று கத்தினான். பாரசீகம் அவனுக்கு ஒரு சொல்லும் தெரியாது.

1990இல் அந்தப் பகுதியைப் பூமியதிர்ச்சி உலுக்கியது. அந்தச் சிறுவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று ஓர் இயக்குநர் காரில் தேடிப் போவதை வைத்துக் கியாரொஸ்தமி 1992இல் இன்னொரு படம் எடுத்தார். சுனாமிக்குப் பிறகு வடமராட்சி கிழக்கில் ஆட்களைத் தேடி அலைந்தவர்களுக்கு அந்தப் பயணத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

தெற்கிலிருந்து ஒரு படத்தைக் கட்டாயம் போடுங்கள். பிரசன்ன விதானகேயின் சிங்களப் படம் 'புரஹந்த களுவர', 1997. சீல் வைத்த பெட்டியில் வந்த இராணுவ வீரனின் தகப்பன், கண் தெரியாத கிழவர், தன் மகன் செத்துவிட்டான் என்பதை நம்ப மறுக்கிறார். நட்டஈட்டுப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறார். அரசு 2000இல் இந்தப் படத்தைத் தடுத்தது. உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் திரைக்கு வந்தது. 2017 மாசியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுத் தெருவில் குந்திய தாய்மார் எனக்கு அந்தக் கிழவரின் முகத்தில் தெரிந்தார்கள். எல்லாருக்கும் அப்படித் தெரிய வேண்டும் என்றில்லை. கோபமும் வரலாம். வரட்டும், படம் முடிந்த பிறகு பேசுவோம். யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் வைத்து 1977இல் 'பொன்மணி' என்ற தமிழ்ப் படத்தை எடுத்த தர்மசேன பத்திராஜவும் ஒரு சிங்கள இயக்குநர்தான். அதையும் தேடிப் பிடித்துப் போடலாம்.

தைவானின் ஹோ சியாவ் சியென் 1989இல் எடுத்த 'துயர நகரம்', 1947இல் அங்கே அரசு படைகள் நடத்திய படுகொலையைப் பற்றிய படம். நாற்பது ஆண்டுகள் அங்கே வாய் திறக்க முடியாமல் இருந்த கதை. கம்போடியாவின் ரித்தி பான், கெமர் ரூஜ் என்ற கொடுங்கோல் ஆட்சியின் காலத்தில் தன் குடும்பத்துக்கு நடந்ததைக் காட்டப் படச்சுருள் எதுவும் இல்லாததால் களிமண் பொம்மைகள் செய்து 2013இல் படமாக்கினார். இவை இரண்டும் பெரியவர்களுக்கு.

2015இல் தொடங்கிய யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழா நல்ல வேலை செய்கிறது. ஆனால் அது டவுனில் நடக்கிறது. அம்மம்மா பஸ் ஏறி டவுனுக்குப் போகமாட்டார், வாசிகசாலைக்கு நடந்து போவார்.

செலவு பெரிதில்லை. மல்டிமீடியா புரொஜெக்டரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இரவல் கேட்கலாம், திரைக்கு ஒரு வெள்ளை வேட்டி போதும். பொதுவில் காட்ட அனுமதி வேண்டும்; கொழும்பில் உள்ள தூதரகங்களுக்கும் இயக்குநர்களுக்கும் எழுதிக் கேட்போம், கடிதம் எழுத நான் வருகிறேன். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: வாசிகசாலைத் திண்ணை இன்னும் ஆம்பிளைகளின் இடமாகத்தான் கிடக்கிறது. பெண்கள் வந்து முன்வரிசையில் இருக்கும்படி செய்யுங்கள்; எட்டரைக்குள் முடித்துவிடுங்கள்.

'டோக்கியோ ஸ்டோரி' வசனங்களை முழுக்கத் தமிழில் எழுதிவிட்டேன், இரண்டு கொப்பி வந்தது. எந்த நிலையம் கூப்பிட்டாலும் கொண்டுவந்து நானே வாசிப்பேன். அம்மம்மாவும் இன்னொரு தரம் பார்க்க வருகிறாராம். அவருக்குக் கை வைத்த கதிரை ஒன்று வேண்டும்.

அன்புடன்,
உங்கள் வாசிகசாலை ஒன்றில் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியவன்