கொடுத்தோம், அப்புறம் போய்ப் பார்த்தோம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை மாலையை எங்களுக்காக ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், அவர்கள் குடும்பத்தாருக்கும் என் வணக்கம்.

2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை கும்பகோணத்தில் நம் சங்கம் செய்த பணிகளைச் சொல்ல வந்திருக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். எந்த முகாமில் எத்தனை பேர் என்ற பட்டியல் உங்கள் கையில் இருக்கும் தாளில் அச்சாகியிருக்கிறது. அதை நான் மறுபடி படிக்கப் போவதில்லை.

போன ஆண்டு இதே கூட்டத்தில் அறிக்கை வாசித்து முடித்ததும் நம் மூத்த உறுப்பினர் ஐயா ஒருவர் எழுந்து நின்றார். "எல்லாம் சரி தம்பி. கண்ணாடி கொடுத்தீங்க, நோட்டு கொடுத்தீங்க, தீயணைப்புக் கருவி கொடுத்தீங்க. அப்புறம் போய்ப் பாத்தீங்களா?" என்று கேட்டார். எங்கள் யாரிடமும் பதில் இல்லை. செயற்குழுவின் முதல் கூட்டத்தில் வேறு எதையும் பேசவில்லை, இதை மட்டும்தான் பேசினோம். வேலைகளைக் குறைத்துக்கொள்வது, எடுத்த வேலையைத் திரும்பிப் போய்ப் பார்ப்பது என்று முடிவானது. இந்த ஆண்டு பட்டியல் சின்னதாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

நம் ஆண்டு ஜூலையில் தொடங்குகிறது. கும்பகோணத்துக்காரர்களுக்கு ஜூலை என்றால் 16-ஆம் தேதிதான். 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. பள்ளிச் சமையல் கூடத்தில் பிடித்த தீ கீற்றுக்கூரைக்குத் தாவி, 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. 2024-இல் அதற்கு 20 ஆண்டுகள் நிறைந்தன. காலையில் அந்தப் பள்ளி இருந்த காசிராமன் தெருவில் பெற்றோர் தங்கள் குழந்தைகளின் படங்களை வைத்து மாலை போட்டபோதும், பாலக்கரை நினைவு மண்டபத்தில் அஞ்சலி செலுத்தியபோதும் நம் உறுப்பினர்கள் ஓரமாக நின்றுவிட்டு வந்தார்கள். பேனர் எதுவும் எடுத்துப் போகவில்லை. அங்கே சங்கத்தின் பெயர் தெரிய வேண்டிய அவசியமில்லை என்பது தலைவரின் கருத்து. எல்லாரும் ஒப்புக்கொண்டோம்.

அதன் பிறகு பள்ளிகளுக்குப் போகத் தொடங்கினோம். முந்தைய ஆண்டுகளில் நாம் தீயணைப்புக் கருவி வாங்கிக் கொடுத்த பள்ளிகளுக்குத்தான் முதலில் போனோம். பார்த்ததை மறைக்காமல் சொல்கிறேன். ஒரு பள்ளியில் கருவி தலைமையாசிரியர் அறை பீரோவுக்குப் பின்னால் இருந்தது. இன்னொன்றில் மறுநிரப்புத் தேதி தாண்டி, முள் சிவப்பில் நின்றது. வேறொரு பள்ளியில் எல்லாம் ஒழுங்காக மாட்டியிருந்தது, ஆனால் எப்படி இயக்குவது என்று அங்கே யாருக்கும் தெரியாது. நாம் கொடுத்ததோடு நம் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தோம். அவர்களும் வாங்கி மாட்டியதோடு தங்கள் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தார்கள். குற்றம் இரண்டு பக்கமும் இருக்கிறது.

அதனால் இந்த ஆண்டு புதிதாக ஒரு கருவிகூட வாங்கவில்லை. பழையவற்றுக்கு மறுநிரப்பு செய்து கொடுத்தோம். தீயணைப்பு நிலையத்திலிருந்து வீரர்கள் வந்து, பின்னை இழுப்பது, குழாயை நெருப்பின் அடிப்பாகத்துக்குக் காட்டுவது, அழுத்தி இரண்டு பக்கமும் வீசுவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஆசிரியர்களும் சத்துணவு ஊழியர்களும் ஆளுக்கொரு முறை செய்து பார்த்தார்கள். புகை மேலே நிற்கும், காற்று தரையோரம் இருக்கும், அதனால் தவழ்ந்து வர வேண்டும் என்று சொன்னபோது மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உடனே தரையில் படுத்து வரிசையாகத் தவழ்ந்தார்கள். மணி அடித்ததும் வெளியே வந்து, மைதானத்தில் வகுப்புவாரியாக நின்று, வருகைப் பதிவேட்டை வைத்துப் பெயர் கூப்பிடும் வரை ஒத்திகை நடந்தது.

ஒத்திகையில்தான் தெரிந்தது, தடங்கல் கருவியில் இல்லை, படிக்கட்டில் இருக்கிறது என்று. உடைந்த பெஞ்சு, பழைய விடைத்தாள் மூட்டை, பிள்ளைகள் கழற்றிவிட்ட செருப்பு எல்லாம் படியில் கிடந்தன. ஒரு பள்ளியில் பின்பக்கப் படிக்கு இரும்புக் கதவு போட்டுப் பூட்டியிருந்தார்கள். சாவி யாரிடம் என்று கேட்டதற்கு, வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருக்கிறார் என்றார்கள். அந்தப் பதிலைக் கேட்டதும் நம் உறுப்பினர் ஒருவரால் அங்கே நிற்க முடியவில்லை, வெளியே போய்விட்டார். அவர் உறவில் ஒரு குழந்தை அந்த 94-இல் ஒன்று. தலைமையாசிரியர் அன்றைக்கே பூட்டை எடுத்துவிட்டு வெறும் தாழ்ப்பாள் போடச் சொன்னார். ஜனவரியில் சொல்லாமல் கொள்ளாமல் மறுபடி போனோம். தாழ்ப்பாள்தான் இருந்தது. படியும் சுத்தமாக இருந்தது.

அடுத்து கண். நம் சங்கம் நெடுங்காலமாகச் செய்துவரும் வேலை கண்புரை முகாம். காலையில் பார்வைச் சோதனை, பிறகு ரத்த அழுத்தம், சர்க்கரை, அறுவை தேவைப்படுவோருக்குச் சாப்பாடு போட்டுப் பஸ்ஸில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்புவது, லென்ஸ் வைத்துத் திரும்பி வந்ததும் வாழ்த்தி அனுப்புவது. இதெல்லாம் நமக்குக் கைவந்த வேலை. நாம் செய்யாமல் விட்டது அதற்குப் பிறகு உள்ள ஒரு மாதம். சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடுகிறார்களா, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுவிட்டார்களா, மறுபரிசோதனைக்கு வந்தார்களா என்று யாரும் பார்க்கவில்லை.

இந்த ஆண்டு ஒவ்வொரு உறுப்பினரும் அறுவை செய்துகொண்ட நான்கைந்து பேரைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். தாராசுரம் பக்கம் ஒரு பாட்டி வீட்டுக்கு நான் போனேன். சொட்டு மருந்துக் குப்பியை அப்படியே சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தார். "அது ஒசத்தி மருந்தாமே, தீர்ந்துடுச்சுன்னா?" என்றார். குப்பியைப் பிழிய விரலில் தெம்பு இல்லை என்பதுதான் உண்மையான காரணம், பேரனிடம் கேட்கக் கூச்சம். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி ஏற்பாடு செய்துவிட்டு வந்தேன். இப்படி வீட்டுக்குப் போனால் மட்டுமே தெரியும் சங்கதிகள் நிறைய. மறுபரிசோதனைக்கு வராமல் போவதற்குப் பெரும்பாலும் அலட்சியம் காரணமில்லை, கூட வர ஆள் இல்லாததுதான் காரணம் என்று எல்லா உறுப்பினர்களும் எழுதியிருந்தார்கள். அதனால் மறுபரிசோதனை நாளுக்கும் ஒரு வேன் ஏற்பாடு செய்தோம். மேடையில் போர்த்தும் பொன்னாடைக்கு ஒதுக்கியிருந்த பணத்தை அந்த வேன் வாடகைக்கு மாற்றினோம். இதில் வருத்தப்பட்டவர்கள் இருந்தால் என்னிடம் நேரில் சொல்லலாம், ஆனால் வரும் ஆண்டும் இப்படியே நடக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

கண்தானத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல அனுமதி வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை கண்தான இருவார விழாவில் உறுதிமொழிப் படிவம் வாங்குகிறோம். கல்லூரி மாணவர்கள் வரிசையில் நின்று கையெழுத்துப் போடுகிறார்கள். ஆனால் இறந்தபின் கையெழுத்துப் போட்டவர் பேச முடியாது. அந்த நேரத்தில் சம்மதிக்க வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்கள். அவர்களுக்குப் படிவம் இருப்பதே தெரியாது. இறந்து 6 மணி நேரத்துக்குள் கருவிழியை எடுக்க வேண்டும். நம் வீடுகளில் அந்த நேரமெல்லாம் சொந்தக்காரர்களுக்குப் போன் செய்வதிலும் ஐஸ் பெட்டி தேடுவதிலும் போய்விடும்.

அதனால் இம்முறை படிவத்தோடு ஒரு சின்ன அட்டை அச்சடித்தோம். தினக்காலண்டர் மாட்டும் ஆணியிலேயே அதையும் மாட்டலாம். கண் வங்கியின் எண்ணை மேலே பெரிதாகப் போட்டு, கீழே நான்கு வரி அச்சிட்டிருக்கிறோம். இமைகளை மூடிவிடுங்கள். ஈரப் பஞ்சை இமைமேல் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். தலையைத் தலையணை வைத்துச் சற்று உயர்த்துங்கள். வயது தடையில்லை, சர்க்கரை இருந்தாலும் கண்ணாடி போட்டிருந்தாலும் கண்புரை அறுவை செய்திருந்தாலும் கொடுக்கலாம் என்பதை அட்டையின் பின்பக்கம் போட்டோம்.

மார்கழியில் ஒரு பின்னிரவு, நம் உறுப்பினர் ஒருவரின் தாயார் தவறிவிட்டார். அவரே எங்களுக்குப் போன் செய்தார். நாங்கள் போனபோது விசிறி நின்றிருந்தது, பஞ்சு வைத்திருந்தார்கள். ஆனால் அத்தை ஒருவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. கண் இல்லாமல் அனுப்பினால் அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்பாள் என்று அழுதார். நாங்கள் யாரும் வாதம் செய்யவில்லை. அந்த வீட்டு மருமகள்தான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை, கண்ணு தெரியாம அவங்க பட்ட பாட்டை நீங்கதானே பாத்தீங்க? ஆபரேஷன் முடிஞ்சு வந்தன்னைக்கு உங்க முகத்தைத்தானே மொதல்ல பாத்தாங்க?" என்றார். அத்தை வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "மொகம் கெடாதுல்ல?" என்று மட்டும் கேட்டார். கெடாது. கண் வங்கியிலிருந்து வந்தவர்கள் அரைமணி நேரத்துக்குள் முடித்துவிட்டார்கள். தூங்குவது போலத்தான் இருந்தது. காலையில் துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் அந்த அத்தையே, ரெண்டு பேருக்குப் பார்வை கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குடும்பத்தார் இன்று இங்கே வந்திருக்கிறார்கள். சங்கத்தின் சார்பில் அவர்களை வணங்குகிறேன்.

ரத்ததானத்தில் ஒரு மாற்றம். ஒரே நாளில் பெரிய முகாம் நடத்திப் படம் எடுத்துக்கொள்வதை நிறுத்தினோம். ரத்த வங்கி மருத்துவர்தான் சொன்னார்: சிவப்பணுக்கள் ஐந்தாறு வாரம் நிற்கும், தட்டணுக்கள் 5 நாள்தான். ஒரே நாளில் குவித்துவிட்டு, ஐப்பசி கார்த்திகையில் டெங்கு வரும்போது ஆள் இல்லை என்றால் பயனில்லை. இப்போது ரத்த வகைவாரியாகப் பட்டியல் இருக்கிறது. அழைப்பு வந்தால் போகிறார்கள். ஆண்களுக்கு 3 மாதம், பெண்களுக்கு 4 மாதம் இடைவெளி தவறாமல் பார்த்துக்கொள்ள நம் இளைஞர் பிரிவில் இருவர் பொறுப்பேற்றிருக்கிறார்கள்.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. தென்பெண்ணை வெள்ளம் விழுப்புரம், கடலூர் பக்கம் வீடுகளுக்குள் புகுந்தது. நாம் உடனே லாரி அனுப்பினோம். இதில் நம் தவறு ஒன்று உண்டு. வீடு வீடாகப் பழைய துணி சேகரித்து மூட்டை கட்டிப் போனோம். அங்கே ஏற்கெனவே சாலையோரம் துணி மலையாகக் கிடந்து நனைந்துகொண்டிருந்தது. "துணி வேண்டாம்யா, பாய் இருந்தா குடுங்க" என்றார் ஒரு பெரியவர். பாய், போர்வை, கொசுவர்த்தி, நாப்கின், பிள்ளைகளுக்குப் பள்ளிப் பை, சேறு வழிக்க மண்வெட்டி. இவைதான் தேவைப்பட்டன. இரண்டாவது லாரியில் இவற்றைத்தான் ஏற்றினோம். பழைய துணி இனி எந்தப் பேரிடருக்கும் வாங்குவதில்லை என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். உங்கள் ஒப்புதல் வேண்டும்.

கோடையில் நீர்மோர்ப் பந்தல் வழக்கம்போல் நடந்தது. பேப்பர் கப்புக்குப் பதில் எவர்சில்வர் டம்ளர் வைத்தோம், கழுவ ஆள் போட்டோம். குளத்து வாய்க்கால் தூர்வாரும் பணியைச் சொன்னபடி முடிக்க முடியவில்லை. 2024-இல் மேட்டூர் அணை ஜூலைக் கடைசியில்தான் திறந்தது, அதனால் அவகாசம் இருந்தது. நாம்தான் பயன்படுத்திக்கொள்ளவில்லை. இந்த ஆண்டு ஜூன் 12-லேயே திறந்துவிட்டார்கள், காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது. மீதி வேலை இனி தை கழிந்துதான்.

வரும் ஆண்டுப் பணிகள். ஜூலை 16 அன்று அஞ்சலி, மறுநாள் முதல் பள்ளி ஒத்திகை, அதே பள்ளிகளில். ஆகஸ்ட் 25-இலிருந்து காலண்டர் அட்டையோடு தெருத் தெருவாகப் போகிறோம், இம்முறை கல்லூரிகளைவிட வீடுகளுக்கு முதலிடம். புரட்டாசியில் அரசலாற்றங்கரையில் பனை விதை. முன்பு போட்டவற்றில் எத்தனை முளைத்திருக்கின்றன என்று எண்ணிவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள், சரிதான். அக்டோபர் 1 தேசியத் தன்னார்வ ரத்ததான நாளில் பட்டியலைப் புதுப்பிக்கிறோம். நவம்பர் 14 உலக நீரிழிவு நாளில் சர்க்கரைப் பரிசோதனையோடு விழித்திரைப் பரிசோதனையும் சேர்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக 2028 மாசியில் மகாமகம் வருகிறது. 1992 மகாமக நெரிசலை நேரில் பார்த்தவர்கள் இந்த அறையிலேயே நான்கைந்து பேர் இருக்கிறீர்கள். அன்று மூச்சுத் திணறியவருக்கு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றதைப் பலமுறை சொல்லியிருக்கிறீர்கள். இந்த ஆண்டிலிருந்தே மாதம் ஒரு ஞாயிறு முதலுதவிப் பயிற்சி தொடங்குகிறோம். மார்பு அழுத்தம் கொடுப்பது, மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்க வைப்பது, ஸ்ட்ரெச்சர் தூக்குவது, கூட்டத்தில் குழந்தையைத் தொலைத்தவரிடம் பேசுவது. முதல் வகுப்பு ஆகஸ்ட் முதல் ஞாயிறு, காலை 7 மணி, இதே மண்டபம். பெயர் கொடுக்க நோட்டு வாசல் மேசையில் இருக்கிறது. 1992-ஐப் பார்த்தவர்கள் முதல் வகுப்புக்குக் கட்டாயம் வர வேண்டும், பயிற்சி எடுக்க அல்ல, இளைஞர்களிடம் அன்று நடந்ததைச் சொல்ல.

இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்காகக் கூட்டத் தொடக்கத்தில் எழுந்து நின்றோம். அவர்களில் ஒருவரின் கண்களும் தானமாகப் போயின என்பதை அவர் மனைவியின் அனுமதியோடு சொல்கிறேன்.

அறிக்கையை ஏற்று, துணி பற்றிய தீர்மானத்துக்கும் ஒப்புதல் தரும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். கேள்விகள் இருந்தால் கேளுங்கள். முதல் கேள்வி, முன்வரிசையில் இருக்கும் நம் மூத்த ஐயாவிடமிருந்து வந்தால் மகிழ்வேன்.

செயலாளர்
கும்பகோணம்