ஹாமில்டனில் ஒரு கல்லறை

அன்புள்ள முத்து,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து மறுபடி பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டாய் என்பதில் சந்தோஷம். இங்கே மகள் வீட்டில் எல்லோரும் சுகம். இவர்கள் வெயில் என்று சொல்லும் நாளில்கூட நான் ஸ்வெட்டரோடுதான் வெளியே போகிறேன்.

ஆப்பிரிக்காவுக்குள் பயணம் போன மிஷனரி டேவிட் லிவிங்ஸ்டன் பற்றிப் பள்ளியில் படித்தோமே, அவருடைய அப்பா, அம்மா கல்லறை ஸ்காட்லாந்தின் இந்த ஹாமில்டனில்தான் இருக்கிறது. போய்ப் பார்த்தேன். நீல் லிவிங்ஸ்டனும் மனைவி ஆக்னஸ் ஹன்டரும் இளைப்பாறும் இடம் இது. ஏழைகளும் பக்தியுள்ளவர்களுமான பெற்றோரைத் தந்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லி ஜான், டேவிட், ஜேனட், சார்லஸ், ஆக்னஸ் ஆகிய பிள்ளைகள் வைத்தது என்று எழுதியிருக்கிறது. அவ்வளவுதான். உலகமே கொண்டாடிய டேவிட்டுக்குப் பட்டம் எதுவும் இல்லை, அண்ணனுக்கு அடுத்து ஒரு பெயர். ஏழைகள் என்று கல்லிலேயே வெட்டிவைக்க எத்தனை பேருக்கு மனசு வரும், சொல்லு.

நிஜமான ஏழ்மைதான் அது. டேவிட்டின் தாத்தா உல்வா என்ற சின்னத் தீவில் விவசாயம் பார்த்தவர். கட்டுப்படியாகாமல் 1792-ல் இந்த ஹாமில்டனுக்குப் பக்கத்து ஊரான பிளான்டயர் பஞ்சாலைக்குக் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். நீல் ஒரு தையற்காரரிடம் தொழில் பழகி, அவர் மகள் ஆக்னஸையே கட்டிக்கொண்டார். அப்புறம் ஊர் ஊராகப் போய்த் தேயிலை விற்றார். பணம் சேர்க்க முடியாத அளவுக்கு நேர்மையானவர் என்று மகனே பின்னால் எழுதியிருக்கிறான்.

ஆலைக் குடியிருப்பில் ஒரே ஒரு அறை. சமையல், படுக்கை எல்லாம் அதற்குள். ஏழு பிள்ளைகள் பிறந்து இரண்டு ஆண் குழந்தைகள் கைக்குழந்தையிலேயே போய்விட்டன. அவர்கள் பெயர் கல்லில் இல்லை. டேவிட் பத்து வயதில் ஆலைக்குப் போனான். காலை 6 மணி முதல் இரவு 8 மணி வரை அறுந்த நூலை முடிச்சுப் போடும் வேலை. முதல் சம்பளத்தை அம்மா மடியில் போட்டான், அதில் கொஞ்சம் வாங்கி லத்தீன் இலக்கணப் புத்தகமும் வாங்கினான். வேலை முடிந்து இரவுப் பள்ளி, அதற்கு மேலும் நள்ளிரவு வரை படிப்பு. ஆக்னஸ்தான் எழுந்து வந்து புத்தகத்தைப் பிடுங்கிவைத்துத் தூங்கச் சொல்வார். அடிமைகள் பறித்த பருத்தியை நூலாக்கி வளர்ந்த தொழில் அது. அங்கே நூல் முடிந்த பையன் பிற்காலத்தில் அடிமை வியாபாரத்தை எதிர்த்து எழுதினான் என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

என்னைக் கேட்டால், புத்தகங்களெல்லாம் மகனைப் பற்றியே இருக்கின்றன, ஆக்னஸைப் பற்றி இன்னும் எழுதியிருக்கலாம். நீல் 1856 பிப்ரவரியில் இறந்தபோது டேவிட் ஆப்பிரிக்காவில். அடுப்பங்கரையில் உட்கார்ந்து அப்பாவுக்குப் பயணக் கதை சொல்ல வேண்டும் என்று ஆசையாக வந்துகொண்டிருந்தவன், டிசம்பரில்தான் ஊர் சேர்ந்தான். 1858-ல் அவன் மறுபடி ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பும்போது, தன் பையன்களில் ஒருத்தனாவது தன்னை அடக்கம் செய்ய இருந்தால் தேவலை என்று ஆக்னஸ் சொன்னாராம். ஜான் கனடாவில், சார்லஸும் கடல் தாண்டிப் போனவன். யார் வருவார்கள்? ஆனால் 1865 ஜூனில் அவர் இறந்தபோது டேவிட் இங்கிலாந்தில் இருந்தான். தந்தி கிடைத்ததும் வந்து அடக்கம் செய்தான். அம்மாவுக்கு ஆசை நிறைவேறிவிட்டது.

அந்த ஆலைக் குடியிருப்பு இப்போது மியூசியம். மகளுக்கு லீவு கிடைத்ததும் போவதாக இருக்கிறோம், போட்டோ அனுப்பச் சொல்கிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். பையனுக்கு வரன் பார்ப்பதாக எழுதியிருந்தாயே, என்ன ஆயிற்று?

உன்
ராமு